வன்னி முற்றத்திலிருந்து ஆழ்வானப் படங்கள்: 9 பாகை அகலாங்கில் தொடங்கும் முறை

நெபுலா, விண்மீன் கொத்து, கலக்சி ஆகியவற்றைத் தொலைகாட்டியால் படமெடுக்கச் சொல்லித்தரும் வழிகாட்டிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை 40, 50 பாகை வடக்கில் வாழ்பவர்கள் எழுதியவை. அங்கே துருவ நட்சத்திரம் வீட்டுக் கூரைக்கு மேலே நிற்கும். இரவில் காற்றோடு கமராவும் குளிரும். தெற்கு அடிவானத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் இந்த மூன்றும் தலைகீழ். துருவ நட்சத்திரம் வெறும் 9 பாகை உயரத்தில், பக்கத்து வளவுப் பனைகளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். நள்ளிரவானாலும் கமரா வெதுவெதுப்பாகவே இருக்கும். தெற்கிலோ, பாரிசிலிருந்து பார்த்த சார்ள்ஸ் மெசியேயின் 110 பொருட்கள் கொண்ட பட்டியலில் இடம்பெறாத பெரிய பொருட்கள் ஏறி வரும். அவருக்கு அவை அடிவானத்துக்கு மேலே வரவே இல்லை. ஆகவே கருவி வாங்குவதிலிருந்து பொருளைத் தெரிவதுவரை சில விடயங்களை இங்கே மாற்றிச் செய்ய வேண்டும்.

நாளும் இடமும்

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசைக்கு முந்திய ஒரு வாரமும் பிந்திய நாலைந்து நாளும்தான் வேலை நாட்கள். முந்திய வாரத்தில் நிலவு நள்ளிரவு தாண்டி எழும்பும். பிந்திய நாட்களில் பத்து மணியளவில் மறைந்துவிடும். பூரணையை ஒட்டிய நாட்களில் படம் எடுக்க முயலாமல் கருவியைப் பழகுங்கள். வற்றாப்பளைப் பொங்கலும் வைகாசிப் பூரணையை ஒட்டியே வருவதால் கோயில் வெளிச்சத்தைக் குறை சொல்லவும் வழியில்லை.

நமக்கு ஒரு வசதி உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலத்தில் முழு இருட்டு வந்துவிடும். வருடம் முழுவதும் இரவு 8 மணிக்குள் வேலையைத் தொடங்கலாம். வட ஐரோப்பாவில் ஆனி மாதத்தில் வானம் முழுதாக இருளவே இருளாது.

பருவத்தைப் பொறுத்தவரை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடை மழை. கருவியைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தை நடுப்பகுதியிலிருந்து சித்திரை வரை உள்ள காலம்தான் பொற்காலம். காற்று அமைதி, வானம் தெளிவு. இதற்குள்ளும் காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் அடிவானம் புகைந்து கிடக்கும். அப்போது தெற்கில் தாழ்ந்த பொருட்களை விட்டு உச்சிக்கு அருகில் உள்ளவற்றை எடுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம் வீசும். மழை இல்லை, பால்வீதியின் நடுப்பகுதி தெற்கே நல்ல உயரத்துக்கு வரும். ஆனால் காற்று குழாயை அசைக்கும், புழுதி கண்ணாடியில் படியும். அந்த மாதங்களில் வீட்டின் கிழக்குப் பக்கமாக, சுவரோ வேலியோ மறைப்புத் தரும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னேரம் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் செம்மண் புழுதி அடங்கும்.

வளவில் இடம் தெரியும்போது தெற்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வடக்கை மரம் மறைத்தாலும் சமாளிக்கலாம், வழி கீழே வருகிறது. தெற்கைத் தேக்கு மரம் மறைத்தால் வன்னியில் இருப்பதன் பாதிப் பயன் போய்விடும். குளக்கட்டு ஓரங்கள் பார்வைக்கு அருமையாக இருக்கும், படத்துக்கு ஆகாது. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய நீர்ப்பரப்புகளின் அருகில் நள்ளிரவுக்குப் பிறகு கண்ணாடி நனைவது மிக வேகமாக நடக்கும்.

இன்னொன்று. நல்ல இருட்டைத் தேடிப் பழக்கமில்லாத காணிகளுக்கும் காட்டோரங்களுக்கும் இரவில் போகாதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. சிவப்புப் பலகை இரவில் கண்ணுக்குத் தெரியாது. யானை வரும் ஊர்களில் அதைச் சொல்லவே தேவையில்லை. வன்னியில் நகர விளக்குகளை விட்டுச் சில கிலோமீற்றர் தள்ளியுள்ள சாதாரண வீட்டு வளவே போதிய இருட்டு. ஒளிமாசு வடிகட்டி என்று விற்கும் கண்ணாடிக்கும் காசு செலவழிக்க வேண்டாம். அவை பழைய சோடிய விளக்குகளுக்காக வந்தவை. இப்போதைய வெள்ளை எல்ஈடி தெருவிளக்கில் பெரிய பயன் இல்லை. அயல்வீட்டு வெளி விளக்கை இரண்டு மணித்தியாலம் அணைக்கச் சொல்லிக் கேட்பது அதைவிட மலிவு.

எதை வாங்குவது

காசில் பாதிக்கு மேல் மவுண்டுக்கு, அதாவது தொலைகாட்டியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பகுதிக்கு, போக வேண்டும். தொலைகாட்டி அதற்குப் பிறகுதான். காரணம் எளிய கணக்கு. வானம் ஒரு செக்கனுக்கு 15 வில்செக்கன் (ஒரு பாகையில் 3600 வில்செக்கன்) நகர்கிறது. 400 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில், 4.3 மைக்ரோமீற்றர் பிக்சல் உள்ள பழைய கெனன் கமராவைப் பூட்டினால் ஒரு பிக்சலுக்கு 2.2 வில்செக்கன். அதாவது பின்தொடராமல் ஒரு செக்கன் திறந்து வைத்தாலே நட்சத்திரம் ஏழு பிக்சல் நீளக் கோடாகிவிடும். ஒன்றரை நிமிடம் ஒரே புள்ளியில் பிடித்து வைப்பது மவுண்டின் வேலை. வில்லை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு உதவாது.

தொடக்கத்துக்கு ஈக்யூ5 அல்லது எச்ஈக்யூ5 தரத்தில் இரு அச்சும் மோட்டாரில் ஓடும் நிலநடுக்கோட்டு மவுண்ட் (ஒரு அச்சு வான துருவத்தைப் பார்த்து நிற்பது), அதன்மேல் 60 முதல் 80 மில்லிமீற்றர் விட்டமுள்ள, 350 முதல் 450 மில்லிமீற்றர் குவியத் தூர வில்லைத் தொலைகாட்டி. படத்தின் ஓரங்களில் நட்சத்திரம் நீளாதிருக்க ஃபீல்ட் ஃபிளாட்னர் என்ற துணை வில்லை ஒன்றும் வேண்டும். ஃபிளாட்னரிலிருந்து சென்சர் வரை பெரும்பாலும் 55 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கெனன் உடலுக்குள் 44, கமராவைத் தொலைகாட்டியோடு பூட்டும் ரீ-வளையம் 11, கூட்டினால் சரி. நிக்கோன் உடலில் 46.5 என்பதால் அதற்குரிய வளையம் 8.5 அளவில் வரும். உள்கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கமராவானால் மீதித் தூரத்தை இடை வளையத்தால் நிரப்பாவிட்டால் போகஸ் கிடைத்தாலும் மூலைகள் கெடும். 8 அங்குல, 2000 மில்லிமீற்றர் குழாய்களைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். பார்ப்பதற்கு நல்லவை, படத்தில் ஒவ்வொரு பிழையையும் ஐந்து மடங்கு பெருக்கிக் காட்டும்.

டொப்சோனியன் (தரையில் சுழலும் பெட்டியில் நிற்கும் கண்ணாடித் தொலைகாட்டி) ஏற்கெனவே வீட்டில் இருந்தால் நிலவையும் கோள்களையும் எடுங்கள். மேல்கீழ், இடம்வலம் மட்டும் திரும்பும் மவுண்டில் படமே மெல்லச் சுழலும். இந்தச் சுழற்சி அகலாங்கு குறையக் குறையக் கூடும், உச்சிக்கு அருகில் கட்டுக்கடங்காது. நமக்கோ ஓரியன் ஏறத்தாழ உச்சியிலேயே கடக்கிறது. சீஸ்ரார் எஸ்50 போன்ற தானியங்கிச் சிறு கருவிகளிலும் இதே தொல்லை உண்டு. அவற்றின் நிலநடுக்கோட்டு முறையைப் பயன்படுத்தலாம் என்பார்கள். 9 பாகைக்குச் சாய்ப்பதென்றால் கருவியைக் கிட்டத்தட்டப் படுக்கவைப்பதுதான், கனத்த முக்காலி இல்லாவிட்டால் கவிழும். உச்சியில் நிற்கும் பொருளை விட்டு 40 முதல் 70 பாகை உயரத்தில் உள்ளதைத் தெரிந்தால் அப்படியே பாவிக்கலாம்.

கமராவுக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் போதும். அதன் உள் வடிகட்டி 656 நனோமீற்றர்ச் சிவப்பைப் பெருமளவு வெட்டுவதால் நெபுலாக்கள் மங்கும். அதைக் கழற்றிய கமரா கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் ஓரியன் நெபுலாவும் ஒமேகா சென்ரோரி விண்மீன் கொத்தும் ஏமாற்றா.

மவுண்டை 9 பாகைக்குப் பணியவைத்தல்

இங்கேதான் வன்னியில் தொடங்குபவர்கள் அதிகம் திண்டாடுவது.

மவுண்டின் அச்சு துருவத்தைப் பார்க்க, உங்கள் அகலாங்கின் அளவுக்கே அது உயர்ந்து நிற்க வேண்டும். அகலாங்கு கிளிநொச்சியில் 9.4, முல்லைத்தீவில் 9.3, மன்னாரில் 9.0, வவுனியாவில் 8.75. பல மவுண்டுகளின் உயரக் கோணம் 10 அல்லது அதற்கு மேலேயே முட்டி நின்றுவிடும். வடக்குப் பக்கம் தாழும்படி முக்காலியையே சாய்ப்பதுதான் தீர்வு. கால்கள் 90 சென்ரிமீற்றர் அகல விரிந்திருந்தால் வடக்குப் பக்கத்தை 5 சென்ரிமீற்றர் தாழ்த்த 3 பாகை கிடைக்கும். நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்காதே என்று கவலைப்பட வேண்டாம். அச்சு சரியான திசையைப் பார்த்தால் அடித்தளம் மட்டமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்தது சமநிலைப் பாரம். அச்சு இவ்வளவு தாழ்ந்து கிடக்கும்போது பாரத்தண்டு வடக்குக் காலோடு மோதும். இருட்டில் தானாகச் சுழலும் மோட்டார் பாரத்தைக் காலில் கொண்டுபோய் இடித்து, பல்லுச் சக்கரம் வழுகி, அன்றைய வேலை கெடும். முக்காலியை 60 பாகை திருப்பி, வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வரும்படி வையுங்கள். சில மவுண்டுகளில் திசைத் திருகு முட்டும் குமிழ் ஒரு காலுக்கு நேரே பூட்டப்பட்டிருக்கும். அதைக் கழற்றி மற்ற ஓட்டைக்கு மாற்றலாம். இப்படித் திருப்பியபின் வடக்கே கவிழும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவதால் கால்களை முழுதாக விரித்து, நடுவில் 10 லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றைத் தரையில் இலேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். முழுக்க அந்தரத்தில் விட்டால் காற்றில் அதுவும் ஆடும். பாரத்தைத் தண்டின் நுனியில் வைக்காமல், இன்னொரு பாரம் சேர்த்து மேலே நெருக்கி வைப்பதும் உதவும். பாரமே தேவையில்லாத ஹார்மொனிக் மவுண்டுகளில் இந்தத் தலையிடி இல்லை, விலைதான் தலையிடி.

உயரத்தைச் சரிசெய்யும் திருகுகள் தாழ்ந்த அகலாங்கில் வளைந்துபோவது வழமை. முழுப் பாரத்தையும் ஏற்றியபின் வெறுமனே முறுக்காதீர்கள். ஒரு கையால் தொலைகாட்டிப் பக்கத்தைச் சற்றுத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் திருகுங்கள்.

மணல் தரையில் கால்கள் மெல்லப் புதையும். ஒவ்வொரு காலின் கீழும் ஓரடிச் சதுரச் சீமெந்துக் கல் போடுங்கள். கல்லில் கால் நிற்கும் இடத்தைப் பெயின்றால் குறித்துவிட்டால் அடுத்த முறை அரைவாசி வேலை மிச்சம். நிரந்தரமாகச் செய்ய விரும்பினால் 160 மில்லிமீற்றர் பிவிசி குழாயை இரண்டடிக் கனச் சீமெந்து அத்திவாரத்தில் நிறுத்தி, நான்கு கம்பி விட்டுக் கொங்கிறீற் நிரப்புங்கள். தூணுக்குக் கால்களே இல்லை, ஆகவே பாரம் மோத எதுவும் இல்லை.

துருவத்துக்கு நேராக்குதல்

துருவ நட்சத்திரம் தெரிந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது உண்மையான துருவத்திலிருந்து 0.6 பாகை அளவு தள்ளி நிற்கிறது. போதாததற்கு 9 பாகை உயரத்தில் வளிமண்டலம் அதை ஏறத்தாழ 6 வில்நிமிடம் (ஒரு பாகையில் 60 வில்நிமிடம்) தூக்கிக் காட்டுகிறது. தெரியாத இரவுகளே அதிகம் என்பதால், அது தேவைப்படாத முறையைப் பழகிக்கொள்வது நல்லது.

தொடக்கத்தில் திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். இங்கே காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 2 பாகைதான் விலகும். ஆனால் போனை இரும்பு முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தால் 20 பாகைகூடத் தவறும். நாலடி தள்ளி நின்று பார்த்து, தரையில் கயிறு பிடித்துக் கோடிடுங்கள்.

மடிகணினி இருந்தால் நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வானத்தில் எங்கே பார்த்தாலும் மூன்று படம் எடுத்து, மவுண்டைச் சுழற்றி, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று வில்நிமிடக் கணக்கில் சொல்லும். நீங்கள் திருகுகளைத் திருப்ப, எண் குறைந்து வருவது திரையில் தெரியும். வடக்கே மரமா வீடா என்ற கேள்வியே இல்லை.

கணினி இல்லாவிட்டால் பழைய நகர்வு முறை. தெற்கு வடக்குக் கோட்டுக்கு அருகில், உச்சிக்குச் சற்றுத் தெற்கே உள்ள ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெருப்பித்துச் சில நிமிடம் கவனியுங்கள். கிழக்கு மேற்கு அசைவைப் பொருட்படுத்த வேண்டாம். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே கூடப் போயிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே கூடப் போயிருக்கிறது. அதைத் திருத்தியபின் கிழக்கே 25, 30 பாகை உயரத்தில் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயர்வு. 5 வில்நிமிடத்துக்குள் வந்தால் நிறுத்திவிடலாம். அந்தப் பிழை நிமிடத்துக்கு 1.3 வில்செக்கன் நகர்வையே தரும். 400 மில்லிமீற்றரில் ஒன்றரை நிமிடப் படத்தில் அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதற்குமேல் மினக்கெடுவது இருட்டை வீணாக்குவது.

மவுண்டை இயக்கும் கைப்பெட்டி பொருளைத் தானாகத் தேட இரண்டு மூன்று நட்சத்திரம் கேட்கும். அல்டெபரன் என்று வருவது ரோகிணி, பீற்றல்ஜூஸ் திருவாதிரை, ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்ரூரஸ் சுவாதி, அன்ராறிஸ் கேட்டை, அல்ரெயர் திருவோணம். நேர வலயம் +5:30, கோடைகால நேரம் இல்லை. திகதியில் மாதத்தை முன்னுக்கு எழுதும் வழக்கம் அந்தப் பெட்டிகளில் உண்டு. நாளை முன்னுக்குப் போட்டால் தொலைகாட்டி தரையைப் பார்க்கும்.

பனியும் மின்சாரமும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது தொலைகாட்டி வைத்திருப்பவருக்குப் பழமொழி இல்லை, எச்சரிக்கை. வானம் தெளிவான இரவில் வில்லை சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து, பத்து மணிக்கே நீர் கோக்கும். படத்தில் முதலில் நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றும். அரைமணியில் ஒன்றுமே தெரியாது. துணியால் துடைக்கக் கூடாது, பூச்சு கீறும்.

முதல் தடுப்பு, குழாயின் முன்னால் அதன் விட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளமான, முன்பக்கம் திறந்த மறைப்புக் குழல். படுக்கும் ஸ்பொஞ்ச் பாயை வெட்டிச் சுருட்டினால் போதும். இரண்டாவது, சூடாக்கும் பட்டி. கடையில் வாங்கலாம், செய்துகொள்வதும் எளிது. 330 ஓம் தடைகள் 16 எடுங்கள், 1 வாற்று வகை. இரண்டு செப்புக் கம்பிகளை ஏணிச் சட்டம்போல நீட்டி, தடைகளைச் சமாந்தரமாக இடையில் பற்றவையுங்கள். மொத்தம் 20.6 ஓம் வரும். 12 வோல்ற்றில் 7 வாற்றுச் சூடு, 0.6 அம்பியர் மின்னோட்டம். ஒவ்வொரு தடையிலும் அரை வாற்றுக்குச் சற்றுக் குறைவாகவே விழுவதால் கருகாது. சூடு தாங்கும் ரேப்பால் இருபுறமும் மூடி, துணிப் பட்டிக்குள் தைத்து, முன் வில்லையின் வளையத்தைச் சுற்றிக் கட்டுங்கள். வழியில் 2 அம்பியர் உருகி ஒன்று கட்டாயம். நீர் கோத்தபின் போடாமல் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். நீர் கோத்த வில்லையைக் காயவைக்க இந்தச் சூடு காணாது.

மின்சாரத்துக்குக் கணக்குப் பாருங்கள். மவுண்டுக்கு 1 முதல் 1.5 அம்பியர், பட்டிக்கு 0.6, சிறு கணினிக்கும் கைட் கமராவுக்கும் (மவுண்டின் பிழையைக் கண்டு திருத்த உதவும் இரண்டாவது சிறு கமரா) 1.5. மூன்றரை அம்பியர் எட்டு மணித்தியாலம் என்றால் 28 அம்பியர்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போகும், ஆகவே 60 அம்பியர்-மணி வேண்டும். ஆட்டோப் பற்றரி காணாது. உழவு இயந்திரப் பற்றரி தாங்கும். ஆனால் அது எஞ்சினை ஒரு கணம் உதைக்கச் செய்யப்பட்டது, இரவிரவாக மெல்ல வற்றவைத்தால் சில மாதத்தில் கெடும், காலையில் உழவும் நிற்கும். சோலர் வைத்திருக்கும் வீட்டில் அந்தப் பற்றரியைப் பாவியுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 50 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் சரியானது. வோல்ற்றளவு 11.5க்குக் கீழே விழுந்தால் மவுண்ட் நிற்காது. ஓடுவதுபோலக் காட்டிக்கொண்டு இடையிடையே அடி தவறும். எல்லாப் படத்திலும் நட்சத்திரம் ஒரே பக்கமாக நீண்டு, இடையில் வெட்டியதுபோல இருந்தால் முதலில் பற்றரியின் வோல்ற்றளவை அளந்து பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓட்டினால் ஒரு கண நேர மின்வெட்டே எல்லா ஒழுங்கையும் அழித்துவிடும். நடுவில் பற்றரி இருக்கட்டும்.

போகஸ், திறப்பு நேரம்

போகசுக்குப் பாஹ்ரினோவ் மறைப்புத் தட்டு ஒன்று வாங்குங்கள். மலிவான பொருள், பலன் பெரிது. பிரகாசமான நட்சத்திரத்தில் மூன்று கதிர்கள் தெரியும்; நடுக் கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை திருப்பி, பூட்டி, தட்டைக் கழற்றுங்கள். கழற்ற மறந்து ஒரு மணித்தியாலம் எடுப்பவர் பலர். முன்னிரவில் காற்று 29 பாகையிலிருந்து 26க்கு இறங்கும்போது குழாய் சுருங்கிப் போகஸ் நகரும். ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் மறுபடி பாருங்கள். அதன்பின் வெப்பநிலை அவ்வளவாக மாறாது.

திறப்பு நேரத்தை நம்மூரில் வெப்பமே தீர்மானிக்கிறது. சென்சரின் சூடு 6 பாகை கூடினால் அதன் இருள் மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாமல் சென்சரில் சேரும் குறி) ஏறத்தாழ இரட்டிக்கும். டிஎஸ்எல்ஆர் தொடர்ந்து வேலை செய்தால் உள்ளே 35 பாகைக்கு மேலும் ஏறும். குளிர்நாட்டுக்காரர் சொல்லும் ஐந்து நிமிடத் திறப்பு இங்கே சிவப்பு, நீலப் புள்ளிகளையே தரும். ஐஎஸ்ஓ 800, எஃப்/5 அல்லது எஃப்/6, 60 முதல் 90 செக்கன். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் 15 செக்கன் ஓய்வு. திரையை மடக்கி உடலிலிருந்து விலக்கி வையுங்கள். கமராவின் பின்திரையில் ஹிஸ்ரோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) மேடு இடப்பக்கத்திலிருந்து கால்வாசித் தூரத்தில் நின்றால் போதும். குளிரூட்டும் கமராவானால் 0 பாகை இலக்கு நியாயமானது. −10 என்று வைத்தால் பற்றரியைக் குடித்துவிட்டு இலக்கை எட்டாமல் அல்லாடும்.

முதல் சில இரவுகள் கைட் கமரா இல்லாமலே 30 செக்கன் எடுங்கள். மவுண்டின் பல்லுச் சக்கரம் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்பின் ஆடுவதால் சில படங்கள் நீளும், அவற்றை எறிந்துவிடுங்கள். கைபழகியபின் 30 மில்லிமீற்றர் கைட் தொலைகாட்டியும் பிஎச்டி2 மென்பொருளும் சேர்த்தால் 90 செக்கனுக்குப் போகலாம். அதன் அளவுத்திருத்தத்தை வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில் செய்யச் சொல்வார்கள். நமக்கு அது உச்சிக்குச் சற்றுத் தெற்கே. மொத்தப் பிழை 1 வில்செக்கன் அளவில் நின்றால் திருப்தியோடு விடுங்கள். ஒவ்வொரு மூன்று படத்துக்கும் மவுண்டைப் பத்துப் பிக்சல் அளவு எழுந்தமானமாக நகர்த்தும் டிதரிங் வசதியைப் போடுங்கள். சூடான கமராவில் இதைச் செய்யாவிட்டால் அடுக்கிய (பல படங்களை ஒன்றாகச் சேர்த்த) படத்தில் மழைத்தாரைபோலச் சாய்ந்த கறைகள் வரும், பிறகு எதனாலும் போக்க முடியாது.

எதில் தொடங்குவது

தை, மாசியில் ஓரியன் நெபுலா, எம் 42. 75 பாகை உயரத்தில் கடக்கும். மாசி நடுவில் இரவு எட்டு மணியளவில் உச்சம். 90 செக்கனில் 80 படம், கூடவே 10 செக்கனில் 30 படம். நடுப்பகுதி அவ்வளவு பிரகாசம் என்பதால் நீண்ட திறப்பில் அது வெள்ளைக் குட்டையாகிவிடும். குறுகியவற்றை நடுவில் பொருத்த வேண்டும். பொருள் தெற்கு வடக்குக் கோட்டைக் கடந்ததும் நிறுத்தி, மவுண்டை மறுபக்கம் புரட்டுங்கள். உச்சிக்கு அருகில் கமராவின் அடிப்பகுதி முக்காலியில் முட்டும். கார்த்திகைக் கூட்டமும் இதே காலத்தில் நல்ல உயரம், ஆனால் அதன் நீலத் தூசிக்கு மூன்று மணித்தியாலமாவது தேவை.

பங்குனி, சித்திரையில் தெற்கே திரும்புங்கள். கரைனா நெபுலா, என்ஜிசி 3372, ஓரியன் நெபுலாவைவிட வானில் பெரிது, ஏறத்தாழ 2 பாகை அகலம். ஏபிஎஸ்-சி அளவுச் சென்சர் உள்ள கமராவில் 400 மில்லிமீற்றருக்கு அழகாக அடங்கும். உச்ச உயரம் 21 பாகை மட்டுமே. அது 15 பாகைக்கு மேல் நிற்பது உச்சத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணித்தியாலம் சொச்சம். பங்குனிக் கடைசியில் உச்சம் இரவு பத்தரையை ஒட்டி, சித்திரை நடுவில் ஒன்பதரை அளவில். ஒரே இரவில் முடிக்க நினைக்காமல் இரண்டு மூன்று இரவுப் படங்களைச் சேருங்கள்.

தொடங்குபவருக்கு எல்லாவற்றிலும் சிறந்தது ஒமேகா சென்ரோரி என்பதே இங்குள்ள கருத்து. கோளக் கொத்து (பந்துபோல நெருங்கித் திரண்ட விண்மீன் கூட்டம்), 33 பாகை உயரம், சித்திரை, வைகாசியில் முன்னிரவும் நள்ளிரவும். 30 செக்கனில் 60 படமே போதும், உள் வடிகட்டியைக் கழற்றாத சாதாரணக் கமராவே போதும், துருவ நேராக்கலில் சிறு பிழை இருந்தாலும் பொறுக்கும். அதற்குச் சற்று வடக்கே சென்ரோரஸ் ஏ கலக்சி இருக்கிறது. தூசிப் பட்டை தெரிய 600 மில்லிமீற்றராவது வேண்டும்.

ஆனி, ஆடியில் லகூன், ட்ரிஃபிட் நெபுலாக்கள் இரண்டும் ஒரே சட்டத்தில். அந்திரமேடா கலக்சி அருமையானது, ஆனால் அதன் சிறந்த மாதங்கள் நமக்கு மழை. புரட்டாதி நள்ளிரவு, அல்லது தை முதல் வாரங்களில் இருண்ட உடனேயே மேற்கில் பிடிக்க வேண்டும்.

அடுக்குதல்

அன்றிரவே மூன்று வகைத் துணைப் படங்கள் எடுங்கள். மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நேரத்தில் 25 இருள் படம். இவற்றை மறுநாள் பகலில் எடுத்தால் சென்சர் சூடு வேறு, பயனில்லை. பிறகு தொலைகாட்டி வாயில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, விடியல் வானத்தை நோக்கி 25 தட்டைப் படம்; போகசையோ கமராவின் சாய்வையோ மாற்றக் கூடாது. கடைசியாக மூடியோடு மிகக் குறுகிய நேரத்தில் 50 பயஸ் படம்.

படங்களை அடுக்கச் சிரில் என்ற இலவச மென்பொருள் உண்டு. நான்கு வகைப் படங்களையும் அது கேட்கும் பெயருள்ள நான்கு கோப்புறைகளில் இட்டு, நிறக் கமராவுக்குரிய ஸ்கிரிப்டை ஓட்டினால் அடுக்கித் தரும். வருவது கறுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஓரங்களை வெட்டுங்கள், பின்னணிச் சாய்வை நீக்குங்கள், நட்சத்திர அட்டவணையை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள், அதன்பிறகுதான் மங்கிய பகுதிகள் தெரிய வெளிச்சத்தை நீட்டுங்கள். நீட்டியபின் பின்னணியைத் திருத்தினால் நிறங்கள் திட்டுத்திட்டாகப் பிரியும். கரைனா போன்ற தாழ்ந்த பொருளில் கீழ்ப்பாதி மஞ்சளாக வருவது அடிவானத் தூசியால். சாய்வு நீக்கும் படியில் நெபுலாவின் மேல் மாதிரிப் புள்ளி விழாமல் பார்த்துக்கொண்டால் அது போகும். இரைச்சல் குறையவில்லையானால் மென்பொருளோடு சண்டை பிடிக்காமல் இன்னும் படங்களைச் சேருங்கள். இரைச்சல் பாதியாக நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

கருவியை எடுத்து வைக்கும்போது, பனியில் நனைந்த குழாயை உடனே மூடிப் பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் மூடி திறந்தபடி, முகம் கீழே சாய்ந்திருக்க, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். பிறகு இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் 250 கிராம் சிலிக்கா ஜெல்லோடு. நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் ஜெல் மறுபடி பாவிக்கலாம். ஈரத்தோடு ஒரு மாரி மூடிக் கிடந்த வில்லையில் பூஞ்சணம் பூச்சையே தின்றுவிடும். துடைத்தாலும் தடம் போகாது. கமரா பூட்டும் துளைக்கும் மூடி போடுங்கள், பல்லி அதற்குள்ளேதான் முட்டையிடும்.